மூன்றடுக்குக் கம்பெனியும் ஒற்றைப் பத்திரமும்

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில், டூவும்பாவில் எங்கள் தெருவுக்கே ராஸ் பென்ட்லிதான் மேதை. நான் சொல்லவில்லை, அவனே சொல்லிக்கொள்வான். முப்பது வருடம் குளியலறைகளுக்கு டைல்ஸ் ஒட்டியவன், ஓய்வு பெற்ற கையோடு அமெரிக்காவில் வாடகைக்கு விட ஒரு வீடு வாங்கினான். காசு அவனுடையதா என்றால், அதுதான் இல்லை. அவன் மனைவி நோலீன் இருபத்திரண்டு வருடம் நின்ற கால் நின்றபடி முடி வெட்டி நடத்திய சலூனை விற்ற காசு. அது போனால் அவளுக்கு வேறு ஒன்றும் கிடையாது.

ஒஹையோ மாநிலத்தில், டோலிடோவில் வீடு. பத்திரம் ராஸ் பேரில் பதிவானது. அதற்குப் பிறகுதான் ஐயா ஏதோ ஒரு ஹோட்டலில் நடந்த முதலீட்டுக் கூட்டத்துக்குப் போய் வந்தார்.

"சொந்தப் பேர்ல வீடு வச்சிருக்கிறவன் முட்டாள், மாப்ள," என்று வேலிக்கு மேலே தலையை நீட்டி எனக்குப் பாடம் எடுத்தான். "குடியிருக்கிறவன் வழுக்கி விழுந்தான்னு வை, கேஸ் போட்டு உன் தோலை உரிச்சிடுவான். கம்பெனி பேர்ல இருந்தா, கம்பெனியோட போச்சு."

ஒஹையோவில் ஒரு கம்பெனி, அதற்கு மேல் ஒரு கூட்டு நிறுவனம், அதற்கும் மேல் இங்கே ஒரு குடும்ப டிரஸ்ட் என்று மூன்றடுக்காகத் தொடங்கினான். அதைப் படமாக வரைந்து பிரிட்ஜில் ஒட்டிவைத்தான். ஞாயிற்றுக்கிழமை பார்பிக்யூவுக்கு யார் போனாலும், அந்தப் படத்தைப் பார்த்து முடித்தால்தான் தட்டில் சாசேஜ் விழும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் நோலீன் கேட்டாள். "எல்லாம் சரி, வீட்டை அந்தக் கம்பெனி பேருக்கு மாத்திட்டியா?"

"மாத்தினா ஸ்டாம்ப் டூட்டி கட்டணுமே! ஆயிரக்கணக்குல புடுங்கிடுவாங்க. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

"அங்கயும் அப்படித்தானா? யாரையாவது கேட்டியா?"

"இதுல கேக்கறதுக்கு என்ன இருக்கு? கவர்மென்ட்னா எல்லா ஊர்லயும் கவர்மென்ட்தான்."

குயின்ஸ்லாந்துக்காரன் புத்தி! பத்திரத்தில் பெயர் மாறப்போகிறது என்றாலே நாங்கள் எல்லோரும் பர்ஸைப் பொத்திக்கொள்கிற ஜாதி. ஆனால் இன்ஷூரன்ஸை மட்டும் கம்பெனி பேரிலேயே கச்சிதமாக எடுத்திருந்தான், மகானுபாவன்.

பிப்ரவரியில் டோலிடோ வீட்டின் வாசற்படி உடைந்து, குடியிருந்த அம்மாள் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். கேஸ் ராஸ் பேரில் வந்தது. கம்பெனிக்குத்தான் அந்த வீடு சொந்தமே இல்லையே என்று இன்ஷூரன்ஸ்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள். அந்த ஊர் வக்கீலுடன் ஸ்பீக்கர் போனில் பேசியபோது துணைக்கு என்னையும் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தான்.

"வீட்டை ஏன் சார் கம்பெனிக்கு மாத்தல?" என்றார் வக்கீல்.

"ஸ்டாம்ப் டூட்டிதான்..."

"உங்க சொந்தக் கம்பெனிக்கு மாத்தறதுக்கு இங்க அதெல்லாம் கிடையாதே. பதிவுக் கட்டணம் மட்டும்தான். அறுபது டாலர் ஆகியிருக்கும்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த நோலீன்தான் பேசினாள்.

"அறுபது டாலரா? ஒரு தலைக்கு நான் வாங்கினது ராஸ், ஒரே ஒரு தலைக்கு."

வீட்டை விற்று வழக்கை முடித்ததில் ஒரு சல்லிக்காசும் மிஞ்சவில்லை. அறுபத்து மூன்று வயதில் நோலீன் இப்போது அதே சலூனில், அதை வாங்கிய பெண்ணிடம் சம்பளத்துக்கு முடி வெட்டுகிறாள். போன வாரம் நான் போயிருந்தேன்.

"ராஸ் என்ன பண்றான்?" என்றேன்.

"அந்த டிரஸ்டைக் கலைக்கணும்ல, அதுக்கு எவ்வளவு ஆகும்னு விசாரிச்சுட்டு இருக்கான். இந்தத் தடவை கேட்டுட்டுத்தான் செய்வானாம்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கணுக்கால் இரண்டும் வீங்கியிருந்தன. அவளுக்குப் பின்னால் இன்னும் நான்கு பேர் காத்திருந்தார்கள்.