நடுவில் நின்ற மாடு

சேவுகம்பட்டிப் பக்கம் நான் வாழ்க்கைப்பட்டுப் போன வீட்டில், எனக்கும் மாமனாருக்கும் நடுவே ஒரு மாடு நின்றது. சும்மா சொல்லவில்லை. மருமகள் மாமனாரிடம் நேராகப் பேசுவது அந்த வீட்டில் வழக்கமில்லை. மாமியார் இருந்தவரை அவர் மூலமாகப் பேசினேன். அவர் போன பிறகு மாட்டைப் பார்த்துப் பேசினேன். “சோறு போட்டாச்சு” என்று அதனிடம் சொன்னால் மாமனார் எழுந்து வருவார். அவரும் “வெஞ்சனத்துல உப்பில்ல” என்று அதனிடமே சொல்வார். பாவம், அதற்குத் தெரியாத குடும்ப விஷயம் கிடையாது.

தொண்ணூறுகளின் கடைசி அது. வீட்டுக்காரர் லாரி ஓட்டினார். மாசத்தில் நாலு நாள் வீட்டில் இருந்தால் அதிசயம். கடைக்குப் போவதென்றாலும் நான் மாட்டிடம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். சில மத்தியானங்களில் அந்த நாலு சுவரையும் பார்த்தால் ஓவென்று கத்தத் தோன்றும். யாரிடம் கத்துவது?

பத்தாம் வகுப்பில் கணக்கில் தோற்றவள் நான். அதை மட்டும் எழுதித் தேறினால் பால்வாடி டீச்சர் வேலைக்கு மனுப் போடலாம். பரீட்சைக்கு வீட்டுக்காரரே விண்ணப்பம் அனுப்பினார். தன் அப்பாவிடம் சொல்லச் சொன்னால் மட்டும் நழுவினார்.

“நான் சொன்னா சண்டையாயிரும். நீயே கேளு. வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்க?”

கொழுக்கட்டைதான். ஆறு வருசக் கொழுக்கட்டை. மாட்டிடம் சொல்லிக் கேட்கிற விஷயமா இது? மாமனார் அதனிடம் ‘வேண்டாம்’ என்று சொல்லிவிட்டால், மறுத்துப் பேச எனக்கு வழியே கிடையாது.

அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். காலையில் காப்பி வைக்கும்போது மட்டும், அவர் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை. முதல் நாள் “காப்பி” என்றேன். பாதி தொண்டையிலேயே நின்றது. அவர் காதில் விழாதது போல மாட்டைப் பார்த்தார். மறுநாளும் “காப்பி”. ஒரு வாரம் கழித்து “மாமா, காப்பி”. அப்புறம் “மாமா, காப்பி ஆறிரும்”. சில நாள் பயத்தில் கழுத்து தானாக மாட்டுப் பக்கம் திரும்பிவிடும். ச்சே என்றிருக்கும். மறுநாள் மறுபடி ஒற்றை வார்த்தையிலிருந்து தொடங்குவேன். இப்படி மூன்று மாசம். ஒரு ‘ம்’ கூட அவர் சொல்லவில்லை.

பரீட்சைக்கு முந்தின நாள் காலை டம்ளரை வைத்தேன்.

“மாமா, நாளைக்குத் திண்டுக்கல்ல எனக்குக் கணக்குப் பரீட்சை. போயிட்டு வாரேன்.”

போகட்டுமா என்று கேட்கத்தான் நினைத்திருந்தேன். வாய் இப்படிச் சொல்லிவிட்டது. அவர் காப்பியைத் தொடவில்லை. நானும் நகரவில்லை. அவர் மாட்டின் பக்கம் திரும்பினார்.

“எட்டரை பஸ்ல கூட்டம் அள்ளும். ஏழரைக்கே போகச் சொல்லு. மத்தியானச் சோத்த நான் போட்டுத் திங்கிறேன்.”

அழுகை முட்டியது. கூடவே கோபமும் வந்தது.

“என்னையப் பாத்துச் சொல்லுங்க மாமா.”

அவர் மெல்லத் திரும்பினார். உதடு அசைந்தது. வார்த்தை வரவில்லை. அந்தத் தவிப்பு எனக்குத் தெரியும். எனக்காவது மூன்று மாசப் பழக்கம் இருந்தது. அவருக்கு ஒரு நாள்கூட இல்லை.

“காப்பி ஆறிருச்சு மாமா, வேற கொண்டாரேன்” என்று டம்ளரை எடுத்துக்கொண்டேன்.