தோட்டமல்ல, துறைமுகம்

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு அல்பர்ட்ஸ்லுண்டில் ரயில் ஏறினேன். ஹோர்சன்ஸ் இருநூற்றிருபது கிலோமீற்றர். அங்கே பார்க்கப் போவது இரண்டு உள்ளங்கை அகலமுள்ள ஒரு படம். பார்க்க என்பதைவிடச் சண்டை பிடிக்க என்பதே சரி.

போன மாதம் அங்குள்ள ஒரு சிறிய காட்சிக்கூடத்தின் அறிவித்தல் கண்ணில் பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஒல்லாந்துப் படம். செப்புத் தகட்டில் அமிலத்தால் கோடு அரித்து அச்சிட்டது. ஓரத்தில் பென்சிலால் 'ஹாவன்' என்று எழுதியிருந்தது. அதே எழுத்துக்கூட்டலில் இங்குள்ள டேனிஷ் மொழியில் அது தோட்டம். ஆகவே 'இரவில் ஒரு தோட்டம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஒல்லாந்து மொழியிலோ அது துறைமுகம்.

எனக்கு எப்படித் தெரியும்? ரொட்டர்டாமில் இருக்கும் அக்கா ஒருமுறை 'ஹாவனில நில், வாறன்' என்று எழுதி அனுப்பினாள். நான் பூமரம் தேடிப் போய், பாரந்தூக்கிகளுக்குக் கீழே ஒரு மணி நேரம் நின்றேன். அக்கா இன்னும் சிரிக்கிறாள்.

காட்சிக்கூடத்துக்கு இரண்டு கடிதம் போட்டேன். ஆர்வத்துக்கு நன்றி என்று பதில் வந்தது, பெயர் மாறவில்லை. முதியோர் இல்லத்தில் வேலை செய்பவளுக்கு இது போதும் என்று நினைத்தார்களாக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பத்து மணிக்கு ஹோர்சன்ஸ். எங்கள் ஊர்க்காரர் நேசன் அண்ணை காருடன் நின்றார்.

"ஒரு சொல்லுக்காக இவ்வளவு தூரமே, தங்கச்சி?"

"ஓம் அண்ணை. பிழை பிழைதானே."

அனுமதி ஆளுக்கு அறுபது குரோன். படத்தில் கரிய நீர், நான்கு பாய்மரங்கள், ஒரேயொரு விளக்கு. ஆள் அரவமில்லை. கோபத்தோடு வந்த நானே குனிந்து, பாய்மரங்களில் தொங்கும் கயிற்றேணிகளை எண்ணத் தொடங்கினேன்.

"அவை இலையுதிர்ந்த மரங்களாகவும் இருக்கலாம்" என்றார் பொறுப்பாளர் பெண்மணி.

"மரத்துக்குக் கயிற்றேணி எதற்கு?" என்று டேனிஷில் கேட்டேன்.

"திங்கட்கிழமை விசாரிக்கிறோம்."

"நான் இன்றைக்குத்தான் வந்திருக்கிறேன்."

கதிரையை இழுத்துப் படத்தின் முன் இருந்துகொண்டேன். வந்த ஒவ்வொருவரிடமும் "இது துறைமுகம்" என்றேன். பன்னிரண்டரைக்குப் பெண்மணி நெதர்லாந்தில் யாருக்கோ தொலைபேசி எடுத்தார். திரும்பி வந்து, பெயரட்டையைக் கழற்றி, 'இரவில் ஒரு துறைமுகம்' என்று தன் கையாலேயே எழுதி ஒட்டினார். முகம் சிவந்திருந்தது. எனக்குப் பாவமாக இல்லை.

ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில் நேசன் அண்ணை கேட்டார்: "திருத்தினது நீயெண்டு அதில ஒரு வரியும் இல்லையே?"

"வேண்டாம் அண்ணை. கப்பலுகளைத் தோட்டத்துக்குள்ள விட்டிட்டு என்னால வீட்டை போகேலாது."