நர்ஸம்மா பக்கத்து ப்ரேக்

லிஃப்ட்காரருடைய காருக்கு இரண்டு ப்ரேக் என்று அந்தத் தெருவில் ஒரு கேலி உண்டு. ஒன்று அவர் காலடியில், கம்பெனிக்காரன் வைத்தது. இன்னொன்று பக்கத்து இருக்கையில், அவர் மனைவி நர்ஸம்மாவின் காலடியில். அங்கே பெடல் எதுவும் கிடையாது, வெறும் ரப்பர் மேட்தான். ஆனால் முன்னால் ஒரு சைக்கிள் குறுக்கே வந்தால் போதும், அந்த அம்மாவின் வலது கால் தானாகப் போய் மேட்டை ஓங்கி மிதிக்கும். பதினோரு வருஷம் மிதித்ததில் குதிகால் அளவுக்கு அதில் ஒரு ஓட்டையே விழுந்துவிட்டது. அந்த ஓட்டையைப் பார்த்தாவது மனிதருக்குப் புத்தி வந்திருக்க வேண்டாமா? "அவ சரியான பயந்தாங்கொள்ளி" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டு திரிந்தார்.

இத்தனைக்கும் நிறுத்துவதுதான் அவர் தொழிலே. ஆறு மாடி, எட்டு மாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பராமரிப்பு. இருபத்தாறு வருஷ சர்வீஸ். மோட்டார் இருந்தால் எந்தப் பெட்டியும் மேலே ஏறிவிடும், ஒழுங்காக நிற்பதில்தான் சங்கதி இருக்கிறது என்பார். ஒரு லிஃப்டைச் சரிசெய்து முடித்ததும் அதற்குள் நின்று கண்ணை மூடிக்கொண்டு ஒரு தரம் மேலே போய்க் கீழே வருவார். நின்றது உடம்புக்குத் தெரிந்தால் ஸ்பானரைத் தூக்கிக்கொண்டு திரும்பவும் மோட்டார் ரூமுக்கு ஏறிவிடுவார். கதவு திறக்கிற சத்தத்தை வைத்துத்தான் நின்றதே தெரிய வேண்டும். அதுதான் அவர் போடுகிற பாஸ் மார்க். அப்பேர்ப்பட்டவர் சொந்தக் காரை மட்டும் பெடலை மூன்று தரம் மிதித்து, பல்லைக் கடித்துக்கொண்டு நிறுத்திக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரி வாசலிலிருந்து மெயின் ரோட்டுக்கு ஒரு இறக்கம். நர்ஸம்மா குழந்தைகள் வார்டில் நைட் டியூட்டி முடித்து வெளியே வர, காலை ஏழு மணிக்கு அவரைக் காரில் கூட்டிக்கொண்டு அந்த இறக்கத்தில் வந்தார் லிஃப்ட்காரர், ஒரு நாள். கீழே ஒரு ரொட்டி வேன் நின்றது. கார் நிற்கவில்லை. மிதித்தார், மறுபடி மிதித்தார், ஹேண்ட் ப்ரேக்கைப் பிடித்து இழுத்தார். பக்கத்து இருக்கையிலும் ஒரு கால் மேட்டை உயிரைக் கொடுத்து மிதித்துக்கொண்டிருந்தது. கார் போய் வேனின் பின்பக்கம் மெல்ல முட்டி நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, நம்பர் பிளேட் மட்டும் மடங்கியது. வேன் டிரைவர் இறங்கி வந்தார், பார்த்தார், ஒரு வார்த்தை திட்டாமல் போய்விட்டார். திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

நர்ஸம்மா சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு இறங்கினார். கதவை அறைந்து சாத்தவில்லை. மெதுவாகச் சாத்தினார்.

"நான் பஸ்ல வந்துக்கறேன். நீங்க பாத்துப் போங்க."

அன்றிலிருந்து பஸ்தான். இரண்டு பஸ் மாற வேண்டும். ராத்திரி முழுக்க நின்ற கால், பஸ்ஸிலும் பாதி நாள் நின்றே வரும். வீட்டுக்கு வந்து கணுக்கால் வீக்கத்தை வெந்நீரில் வைத்துக்கொண்டு உட்காருவார். லிஃப்ட்காரர் நைசாகப் பேச்சை எடுப்பார். "நாளைக்கு நான் வேணா மெதுவா ஓட்டிட்டு வரேனே?"

"நிக்கிற வண்டியா இருந்தா சொல்லுங்க, வரேன்."

ஒரு நாள் மனசு கேட்காமல் பஸ்ஸுக்குப் பின்னாலேயே காரை ஓட்டிக்கொண்டு போனார். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த நர்ஸம்மா அதைப் பார்த்துவிட்டார். கோபிக்கவில்லை. பஸ் ஸ்டாப்பை நெருங்கியதும் ஜன்னல் வழியே கையை நீட்டி, தள்ளி வாங்க, தள்ளி வாங்க என்று சைகை காட்டினார். பின்னால் வந்த ஸ்கூட்டர்காரன் சிரித்தான். அந்தச் சிரிப்புக்குப் பிறகுதான் மனிதர் ஸ்பேர் பார்ட்ஸ் கடைப் பக்கம் போனார்.

கடைக்காரர் முதலில் ஒரு பெட்டியைத் திறந்து காட்டினார். சக்கரத்தோடு சுற்றுகிற ஓட்டை போட்ட பெரிய டிஸ்க், அதைக் கவ்விப் பிடித்து நிறுத்துகிற தங்க நிறக் கேலிப்பர், எல்லாம் நகைக்கடையில் இருக்க வேண்டிய சாமான் போல மின்னின. லிஃப்ட்காரர் விலையைக் கேட்டார். கேட்டதும், தூங்குகிற பிள்ளையைக் கிடத்துவது போல அதைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தார்.

"இதைப் போட்டா வண்டியை விட ப்ரேக் விலை கூடிடும், அண்ணே. நீங்க என்ன ரேஸுக்கா போறீங்க?" என்றார் கடைக்காரர். "உங்க வண்டி கம்பெனியிலயே பெரிய வண்டி ஒண்ணு இருக்கு. அதோட முன் டிஸ்க்கும் கேலிப்பரும் உங்க வண்டியில அப்படியே உக்காரும். கேலிப்பரைப் பழசுல எடுங்க, தப்பில்ல. டிஸ்க், பேட், ஹோஸ், ஆயில் நாலையும் புதுசா வாங்குங்க. அதுல மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீங்க."

நல்ல மனுஷன். விற்காத சரக்கைத் தலையில் கட்டவில்லை.

லிஃப்ட்காரர் அட்டைப் பெட்டியை வெட்டிப் பெரிய டிஸ்க் அளவுக்கு ஒரு வட்டம் செய்தார். தன் கார் சக்கரத்துக்குள் அதை வைத்துப் பார்த்தார். சுற்றிலும் ஒரு விரல் இடைவெளி இருந்தது. பிறகு பழைய வண்டிகளைப் பிரித்து விற்கிற யார்டுக்குப் போய் ஒரு ஜோடி கேலிப்பர் வாங்கிவந்தார். யார்டுக்காரர் சாக்பீஸால் ஒன்றில் இடது என்றும் மற்றதில் வலது என்றும் எழுதிக் கொடுத்தார். வீட்டில் அவற்றைப் பிரித்து, துடைத்து, புது ரப்பர் வளையம் போட்டார். அதோடு விட்டாரா? மோட்டார் ரூமில் மிஞ்சிய சிவப்புப் பெயிண்டை எடுத்து இரண்டுக்கும் அடித்தார். ஜாக்கிரதையாக, சாக்பீஸ் எழுத்து இருந்த இடத்தை மட்டும் விட்டு.

"நிறுத்துறதுக்கு எதுக்குங்க பெயிண்ட்டு?" என்றார் நர்ஸம்மா.

"பாக்கிறவங்களுக்கு ஒரு பயம் வரணும்ல."

"எனக்கு வந்தது போதும்."

ஞாயிற்றுக்கிழமை காரை வீட்டு முன்னால் ஸ்டாண்டில் ஏற்றி, பின் சக்கரத்துக்குச் செங்கல் கொடுத்து, எல்லாவற்றையும் மாட்டி முடித்தார். கடைசி வேலை, ப்ரேக் ஆயில் போகிற குழாயில் இருக்கிற காற்றை வெளியேற்றுவது. அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே பெடலை மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் சக்கரத்துப் பக்கம் கேலிப்பரில் இருக்கிற சின்னத் திருகைத் திறந்து மூட வேண்டும். காற்று போகும்வரை இதையே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும்.

"இந்த வண்டியில உக்கார மாட்டேன்னு சொன்னேன்ல?"

"இது ஸ்டாண்டு மேல நிக்குதும்மா. எங்க ஓடிடப் போகுது?"

நர்ஸம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு டிரைவர் சீட்டில் ஏறினார். "மிதி... பிடிச்சுக்கோ... விடு." ஒரு மணி நேரம் போயிற்று. பெடல் பஞ்சு மூட்டையாகவே இருந்தது. மிதித்தால் அடிவரை போனது. மறுநாள் சாயங்காலம் திரும்பவும் அதே. அதற்கு மறுநாளும் அதே. ஆயில் டப்பா இரண்டு காலி. லிஃப்ட்காரர் ஹோஸைக் குறை சொன்னார், கடைக்காரரைக் குறை சொன்னார், யார்டுக்காரரின் பரம்பரையையே இழுத்தார். பிறகு ஒன்றும் பேசாமல் ஆகிவிட்டார். அவர் கத்தினால் நர்ஸம்மா கண்டுகொள்ள மாட்டார். பேசாமல் இருந்தால்தான் கவலைப்படுவார்.

"இன்னிக்கும் ஆகலன்னா வித்துடறேன்," என்றார் சாப்பிடும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே. "உன் காலு வீங்குறதை வேடிக்கை பாக்கவா இதை வச்சிருக்கேன்?"

அன்றைக்குப் பத்துத் தரம் மிதித்ததும் நர்ஸம்மா, அடுத்த தரத்துக்குக் காத்திராமல் இறங்கி வந்தார்.

"நீங்க அங்க என்னதான் பண்றீங்க, காட்டுங்க."

சக்கரத்துப் பக்கம் குந்தி உட்கார்ந்து பார்த்தார். இந்தத் திருகைத் திறந்தால் காற்று வரும் என்று லிஃப்ட்காரர் விளக்கினார். நர்ஸம்மா கழுத்தைச் சாய்த்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காத்து மேலதானேங்க நிக்கும்? இந்தத் திருகு கீழ இருக்கே."

"ஆமா, அதுக்கென்ன?"

"சிரிஞ்சுல மருந்து எடுத்தா ஊசியை மேல பாத்துப் பிடிச்சு, தட்டி, காத்தை விட்டுட்டுத்தான் குழந்தைக்குப் போடுவோம். கீழ பாத்துப் பிடிச்சா மருந்துதான் சிந்தும். காத்து உள்ளயே உக்காந்திருக்கும்."

லிஃப்ட்காரர் திருகைப் பார்த்தார். தரையில் சிந்திக் கிடந்த ஆயிலைப் பார்த்தார். எழுந்து காருக்கு முன்னால் போய் நின்று, இடது கையைத் தூக்கினார், வலது கையைத் தூக்கினார். லிஃப்ட் வேலையில் இடது வலது எல்லாம் வெளியே நின்று கதவைப் பார்த்துச் சொல்வது. இருபத்தாறு வருஷப் பழக்கத்தில், காரின் மூக்குக்கு நேரே நின்று, தன் இடது கைப் பக்கம் இடதை மாட்டிவிட்டார். காருக்கு அது வலது. இடம் மாறியதில், மேலே இருக்க வேண்டிய திருகு இரண்டு பக்கமும் தலைகீழாகக் கீழே வந்துவிட்டது. சாக்பீஸ் எழுத்து மட்டும் அழியாமல் பளிச்சென்று இருந்தது.

"மாத்தி மாட்டிட்டேன்," என்றார் ஈனஸ்வரத்தில்.

நர்ஸம்மா சிரிக்காமல் இருக்கத்தான் பார்த்தார். முடியவில்லை. தரையிலேயே உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். மூன்று நாளாக இறுகிக் கிடந்த மனிதரும் கடைசியில் சேர்ந்து சிரித்தார். இரண்டையும் கழற்றி இடம் மாற்றி மாட்டியதும், திருகைத் திறந்த முதல் தரமே குமிழ் குமிழாகக் காற்று வந்தது. கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து குரல் கேட்டது. "கல்லு மாதிரி இருக்குங்க."

இருந்தாலும் அவர் உடனே கூப்பிடவில்லை. சந்தைக்குப் பின்னாலிருந்த காலி மைதானத்தில் தனியாகப் போய், முதலில் மெதுவாக, பிறகு வேகமாக, முப்பது தரம் ஓட்டி ஓட்டி நிறுத்திப் பார்த்தார். அதற்கடுத்த நாள் காலை ஏழு மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் காரோடு நின்றார்.

வெளியே வந்த நர்ஸம்மா பஸ் ஸ்டாப்பைப் பார்த்தார், காரைப் பார்த்தார்.

"நிக்குதா?"

"நிக்குது. உன் மேல சத்தியமா."

"என் மேல வேணாம். உங்க மேல பண்ணுங்க."

பண்ணினார். நர்ஸம்மா ஏறி, பையை மடியில் வைத்து, வலது காலைச் சரியாக அந்த ஓட்டை மேல் வைத்துக்கொண்டார். இறக்கத்தில் பாதி வழியில் ஒரு தள்ளுவண்டி குறுக்கே வந்தது. பக்கத்தில் மேட் மிதிபடுகிற சத்தம் கேட்டது. ஆனால் அதற்குள் கார், தள்ளுவண்டிக்கு ஐந்தடி முன்னாலேயே, நேராக நின்றிருந்தது. மெயின் ரோட்டில் ஒரு சிக்னல், பிறகு ஒரு திருப்பம். பக்கத்தில் சத்தமே இல்லையே என்று லிஃப்ட்காரர் ஓரக்கண்ணால் பார்த்தார். செருப்பு இரண்டும் மேட்டின் மேல் தனியாகக் கிடந்தன. கால்கள் சீட்டில் மடங்கியிருந்தன. நர்ஸம்மா ஜன்னல் கண்ணாடியில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.

அவர் காரில் அந்த அம்மா தூங்கி இதுவரை அவர் பார்த்ததில்லை.

வீட்டு வாசலில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டு, எழுப்ப மனமில்லாமல் உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீட்டுக்காரர் கேட்டைத் திறந்த சத்தத்தில் நர்ஸம்மா விழித்துக்கொண்டார்.

"என்னங்க, சிக்னலா?"

"வீடு வந்து பத்து நிமிஷம் ஆச்சு."

நர்ஸம்மா வாசலைப் பார்த்தார். குனிந்து தன் வெறும் காலைப் பார்த்தார்.

"நின்னதே தெரியலீங்க."

எத்தனையோ லிஃப்டுக்குள் கண்ணை மூடிக்கொண்டு நின்று அந்த மார்க்கை அவரே போட்டிருக்கிறார். இன்னொருவர் போட்டு அவர் வாங்கியது இதுதான் முதல் தடவை. அவசரமாக இறங்கினார். காரைச் சுற்றிக்கொண்டு போய் அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டார்.