பாராசூட்டுச் சேலை

மரியநாதனுக்குப் பொய் சொல்ல வராது. சொன்னால் காது சிவந்து காட்டிக்கொடுத்துவிடும். இப்படிப்பட்டவரைச் சாமான் கிடங்கில் வேலைக்கு வைத்தால் சர்க்காருக்குக் கொண்டாட்டம், பெண்டாட்டிக்குத் திண்டாட்டம்.

மலாயாவில் செடெனாக் ஊருக்கு அப்பால் இருந்த ஒரு சின்ன விமானத் திடலில், வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே அவர் கிடங்குக் கிராணி, அதாவது கணக்கு எழுதுகிறவர். விமானத்திலிருந்து குதிக்கிறவன் உயிர் பிழைக்கட்டும் என்று வெள்ளைக்கார சர்க்கார் பட்டுப் பாராசூட்டுகளை வாங்கிக் குவித்தது. ஜப்பான்காரன் வந்ததும் துரைமார் தரைவழியாகவே ஓட்டம் பிடித்தார்கள். பாராசூட்டுகள் கிடங்கிலேயே கிடந்தன. மரியநாதனும் கிடந்தார்.

நாற்பத்து நான்கில் துணிப் பஞ்சம் தலைவிரித்து ஆடியது. அவர் மனைவி அமலோற்பவத்துக்கும், கூட இருந்த அவள் தங்கை சூசையம்மாளுக்கும் சேர்த்து, உருப்படியாக இருந்தது ஒரே சேலை. ஒரு ஞாயிறு அக்காள் அதைக் கட்டிக்கொண்டு பூசைக்குப் போனால், தங்கை கோணிச் சாக்கைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குள் கிடப்பாள். அடுத்த ஞாயிறு தங்கை முறை.

அந்த வருஷம் கறையான் அரித்த பாராசூட்டுகளைக் கழித்துவிடச் சொல்லி ஜப்பான் அதிகாரி உத்தரவு போட்டார். கழித்ததை யாரும் மறுபடி பாராசூட்டாக்கிவிடக் கூடாது. முழத்துண்டாக வெட்டி, எண்ணெய் துடைக்கப் பட்டறைக்கு அனுப்ப வேண்டும். திருடி அகப்பட்டால் தலை போகும். மரியநாதன் நேரே அதிகாரி முன் போய்க் குனிந்து வணங்கி, தெரிந்த மலாயில் கேட்டே விட்டார். வீட்டில் இரண்டு பெண்கள், ஒரு சேலை, கழித்ததில் ஒன்று கிடைக்குமா?

கன்னத்தில் பளாரென்று விழுந்தது. மனுஷர் அசையவில்லை. அதிகாரி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சத்து! பொத்தோங் கெச்சில்!" என்று கத்தினார். ஒன்றுதான், அதையும் சின்னதாக வெட்டு என்று அர்த்தம்.

வேறு யாராவதாக இருந்தால் அதிகாரி முதுகைத் திருப்பியதும் முழுசாகச் சுருட்டியிருப்பான். இந்தப் புண்ணியவான் உட்கார்ந்து ஒவ்வொரு முழமாக அளந்து வெட்டினார்.

வீட்டில் மூட்டையை அவிழ்த்த அமலோற்பவம் தலையில் அடித்துக்கொண்டாள். "அலமாக்! யாரும் பாக்கலல்ல? கொஞ்சம் பெருசா வெட்டுனா கையா முறிஞ்சிடும்?"

"சின்னதாத்தான் வெட்டச் சொன்னாங்க."

"உங்களக் கட்டிக்கிட்டு…" என்று ஆரம்பித்தவள், அவருடைய வீங்கிய கன்னத்தைப் பார்த்தாள். தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து தடவினாள்.

பாராசூட்டுக் கயிற்றைப் பிரித்து நூல் எடுத்து, அக்காளும் தங்கையும் மூன்று வாரம் தைத்தார்கள். "கஞ்சிக்கு வழியில்லாத லயத்துல பட்டுச் சேலையாம்!" என்று அதே வரிசைக் குடியிருப்பில் பக்கத்து வீட்டுக் கருப்பாயி சிரித்தாள். சிரித்துக்கொண்டே அவளும் நாலு துண்டு தைத்துக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அமலோற்பவம் புதுச் சேலையைத் தங்கைக்கே கட்டிவிட்டாள். இருவரும் கை கோத்து முன்னால் நடக்க, மரியநாதன் பின்னால் போனார். பாதி வழியில் சூசையம்மாள் நின்று திரும்பினாள். கண் கலங்கியிருந்தது.

"மச்சான், ஒரே வீட்டுலதான் இருக்கோம். நானும் அக்காவும் சேந்து வெளிய நடந்து ஒன்றரை வருஷமாச்சு."