ஈரல் சொன்னது பாதி

மந்திரமூர்த்தி பிள்ளை திருநெல்வேலி ரயில் நிலையத்தில் தந்தி அடிக்கும் உத்தியோகத்தில் இருந்தார். ஓர் இடத்தில் உட்காரமாட்டார். கருவி ஓய்ந்திருக்கும் நேரமெல்லாம் பிளாட்பாரத்தில் மேற்கும் கிழக்குமாக நடந்துகொண்டிருப்பார். முதல் குழந்தை போன பிறகு வந்த பழக்கம் என்பாள் மனைவி அன்னத்தாய்.

அந்தக் குழந்தைக்கு ஒரு வயது நிறையுமுன் வயிறு உப்பியது. வலது விலாவுக்குக் கீழே ஈரல் கல்லாய்க் கட்டிக்கொண்டது. கண் மஞ்சளித்தது. பிறகு குழந்தை இல்லை. இரண்டாவதற்கும் அதே வயதில் அதே கட்டி. கஷாயம், செந்தூரம், திருச்செந்தூர் விபூதி எல்லாம் பார்த்துவிட்டு, 1909ஆம் வருஷத்து ஐப்பசி மழையில் பாளையங்கோட்டை டாக்டர் சத்தியநேசனிடம் தூக்கிக்கொண்டு போனார்கள். அவரும் முடிந்ததைச் செய்தார். குழந்தை தங்கவில்லை.

டாக்டர் தயங்கித் தயங்கிப் பேசினார். “பிள்ளைவாள், கேக்கக்கூடாத நேரத்துல கேக்கேன். ஈரல்ல ஒரு சின்னத் துண்டு எடுத்துக்கிட சம்மதிப்பியளா? வயித்தத் தடவிப் பாத்து எனக்கு ஒண்ணும் பிடிபடல. உள்ள என்ன நடந்திருக்குன்னு பாக்கணும்.”

மந்திரமூர்த்தி வராந்தாவில் நடக்கத் தொடங்கினார். போனார், வந்தார், மறுபடியும் போனார். குழந்தையை மடியில் வைத்திருந்த அன்னத்தாய்க்கு அப்போது நாலாம் மாதம்.

“எடுத்துக்கிடுங்க அய்யா” என்றாள் அவள். “அடுத்தது வாரதுக்குள்ள என்னன்னு தெரியட்டும்.”

துண்டு சென்னைக்குப் போய், மெல்லிய சீவல்களாகச் சாயமேற்றப்பட்டு, கண்ணாடித் தகடுகளில் திரும்பி வந்தது. டாக்டர் மந்திரமூர்த்தியை வரவழைத்து, முதலில் நோயில்லாத ஈரல் ஒன்றை மைக்ராஸ்கோப்பில் காட்டினார். வரப்புப் போட்ட வயல்களைப் போல ஒழுங்காக இருந்தது. அடுத்து குழந்தையினுடையதை வைத்தார். வரப்புகள் தடித்துப் பெருகி வயல்களை நெரித்திருந்தன.

“இதுதான் நோயா?”

“நோய் செஞ்சிட்டுப் போன வேலை. ஈரல் எப்படிக் கெட்டுதுன்னு இந்தச் சதை சொல்லுது. எதுனால கெட்டுதுன்னு சொல்லல. அதுக்கு உயிரோட இருக்கிற பிள்ளைகளப் பாக்கணும். குடிக்கிற தண்ணி, பால், பாத்திரம், குடுத்த மருந்து, சொந்தத்துல கல்யாணமான்னு எல்லாம் விசாரிக்கணும். ரெண்டையும் சேத்து வச்சாத்தான் நோய் என்னன்னு விளங்கும்.”

டாக்டர் விசாரிக்க வேண்டும் என்றார். மந்திரமூர்த்தியோ அவ்வளவையும் மாற்றிவிட்டார். அன்னத்தாய் அவருக்கு அக்காள் மகள்; அதை மட்டும் மாற்ற வழியில்லை. அம்பாசமுத்திரத்துக்கு மாற்றல் கேட்டு வாங்கினார். பையன் பிறந்ததும் பசும்பால் நின்று ஆட்டுப்பால் வந்தது. பித்தளைச் செம்பு போய் மண்கலயம் வந்தது. ஆற்றுத் தண்ணீரைக் காய்ச்சினார்கள். கஷாயம் வீட்டுக்குள் வரவில்லை. வேலை முடிந்து வந்ததும் கையைக் கழுவிக்கொண்டு பையனின் விலாவுக்குக் கீழே அழுத்திப் பார்ப்பார். சாப்பிட்டுவிட்டு ஒருமுறை. உறங்கும்போது ஒருமுறை.

“அமுக்கி அமுக்கி நீங்களே நோவு வரவச்சிருவிய” என்பாள் அன்னத்தாய். அவர் அந்தப் பக்கம் போனதும் அவளும் மெதுவாகத் தொட்டுப் பார்ப்பாள்.

ஒரு வயது கடந்தது. மூன்றும் கடந்தது. பையனை டாக்டரிடம் காட்டப் போனார்கள். வயிறு மெத்தென்றிருந்தது. டாக்டருக்கு முகமெல்லாம் சிரிப்பு. மந்திரமூர்த்தி மாற்றியதையெல்லாம் சொல்லச் சொல்ல அந்தச் சிரிப்பு குறைந்தது.

“எல்லாத்தையும் சேத்து மாத்திட்டியளே. எது காப்பாத்துச்சுன்னு இனி எப்படித் தெரியும்? ஒவ்வொண்ணா மாத்தியிருந்தா…”

“ஒவ்வொண்ணா மாத்திப் பாக்க எனக்கு எத்தனை பிள்ளை இருக்கு அய்யா?”

டாக்டர் தலைகுனிந்தார். “நான் சொன்னது தப்பு. மனசுல வச்சுக்கிடாதிய” என்றார்.

எது காப்பாற்றியது என்ற கேள்வி மந்திரமூர்த்தியை விடவில்லை. எதுவும் காப்பாற்றாமல் பையன் தானாகவே தப்பியிருக்கலாம் என்றும் தோன்றும். அப்போது மறுபடி நடக்கத் தொடங்குவார்.

அடுத்த கோடையில், ஸ்டேஷனில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேனின் மனைவி பேச்சியம்மாள் கைக்குழந்தையோடு வந்து நின்றாள். அதன் வயிறு உப்பியிருந்தது.

“உங்க பிள்ளைக்கு என்ன செஞ்சிய அய்யா?”

அவர் சொன்னார். ஆட்டுப்பாலுக்கும் மாற்றலுக்கும் அவள் எங்கே போவாள்?

“அதுல எதாவது ஒண்ணு சொல்லுங்க. அத மட்டும் செஞ்சிருதேன்.”

“எதுன்னு எனக்குத் தெரியாது தாயி.”

லீவு போட்டுவிட்டு அடுத்த ரயிலிலேயே அவளைப் பாளையங்கோட்டைக்குக் கூட்டிப்போனார். நோய் அதற்குள் முற்றிவிட்டிருந்தது. குழந்தை இறந்தபோது டாக்டர் அவளிடமும் ஈரல் துண்டு கேட்டார். பேச்சியம்மாள் குழந்தையை மாரோடு இறுக்கிக்கொண்டு, “மாட்டேன்” என்றாள். சம்மதிக்கச் சொல்லும்படி டாக்டர் மந்திரமூர்த்தியைப் பார்த்தார். அவரோ வெளியே போய் வண்டி பேசிவிட்டு வந்து, “வா தாயி, போவோம்” என்றார்.