ஒடித்தால் அணைகிற வண்டி

வண்டியைப் பார்ப்பதற்கு முன்பே சீட்டில் என்ன எழுத வேண்டும் என்று கம்பெனி மானேஜர் செல்வக்குமார் சொல்லிவிட்டார். பானுப்பிரியாவுக்குக் கோபம் அங்கேயே ஆரம்பித்தது.

"வண்டியில ஒரு கோளாறும் இல்லன்னு எழுதி, கடை சீல் வச்சுக் குடும்மா. அது போதும்."

ஏழாயிரம்பண்ணை விலக்கில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை வைத்திருப்பவள் பானுப்பிரியா. வயது முப்பத்தாறு. அம்மாவும் அக்காவும் பட்டாசுக் கம்பெனிக்குப் போக, இவள் மட்டும் பிடிவாதம் பிடித்து ஐ.டி.ஐ.யில் சேர்ந்தாள். பிறகு சிவகாசியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஒன்பது வருஷம். அங்கே அவளுக்குக் கொடுத்ததெல்லாம் ஹாரன், ஹெட்லைட், பேட்டரி. இஞ்சின் வயரிங் பக்கம் போனால், "அது ஆம்பளைக வேலை, நீ தள்ளு" என்பார்கள். அவர்களுக்குப் பிடிபடாத கோளாறை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கண்டுபிடித்து வைப்பாள். பேர் வேறு யாருக்கோ போகும். ஒருநாள் தன் சொந்த மீட்டரைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தவள்தான்.

செல்வக்குமார் கொண்டுவந்தது, வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு ஆள் ஏற்றிப்போகும் பழைய வேன். முந்தாநாள் காலையில் கம்பெனி வாசலில் திரும்பும்போது இஞ்சின் நின்றுவிட்டது. ஸ்டியரிங் கல்லாக இறுகி, வண்டி நேரே போய்ச் சுவரில் முட்டியது. உள்ளே இருந்த கம்பெனித் தொழிலாளி முருகம்மாளுக்கு மணிக்கட்டு முறிந்தது. ஓட்டிய வேலுச்சாமியை அன்றைக்கே நிறுத்திவிட்டார்கள். கிளட்ச் விடத் தெரியாமல் அவன்தான் அணைத்தான் என்று சொல்லிவிட்டால், முருகம்மாளின் வைத்தியச் செலவும் அவன் தலையில் விழும். அதற்குத்தான் இந்தச் சீட்டு.

"பாத்துட்டு எழுதுறேன்" என்றாள்.

"பாக்க என்ன இருக்கு? இங்கன வரைக்கும் நான்தான ஓட்டிட்டு வந்தேன்."

"வர்ற வழியில எத்தன தடவ அணைஞ்சுச்சு அண்ணாச்சி?"

அவர் சாவியை நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"ஏறி உக்காருங்க. நியூட்ரல்லயே இருக்கட்டும். கிளட்ச்சத் தொட வேண்டாம். இப்ப ஸ்டியரிங்க முழுசா ஒடிங்க."

அவர் ஒடித்தார். இஞ்சின் இரண்டு முறை தேம்பி அணைந்தது. மறுபடி ஸ்டார்ட் செய்யச் சொன்னாள். இடப்பக்கம் ஒடித்தார். அப்போதும் அணைந்தது.

"கிளட்ச்ல உங்க கால் இல்ல. அப்ப யாரு அணைச்சா?"

பானெட்டைத் திறந்தாள். ஸ்டியரிங் ஆயில் அளவாக இருந்தது, பெல்ட்டும் விறைப்பாக இருந்தது. பம்ப்பிலிருந்து போகும் குழாயில் கட்டைவிரல் தண்டிக்கு ஒரு சுவிட்ச் உண்டு. ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது ஆயில் அழுத்தம் ஏறும், பம்ப் இஞ்சினை இழுக்கும். அந்த நேரத்தில் சுவிட்ச் சொன்னால்தான் வண்டிக்குள் இருக்கும் கம்ப்யூட்டர் இஞ்சினைக் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கும். சொல்லாவிட்டால் இழுப்புத் தாங்காமல் நின்றுவிடும்.

சுவிட்சின் பிளக்கைக் கழற்றினாள். வண்டியை ஓடவிட்டு, சுவிட்சின் இரண்டு முனையிலும் மீட்டரை வைத்து, அவரை மெதுவாக ஒடிக்கச் சொன்னாள். அணைவதற்கு முன் மீட்டர் கீச்சென்றது. சுவிட்ச் நன்றாகத்தான் இருக்கிறது. சாவியைப் போட்டுப் பிளக்கில் கரண்ட் பார்த்தாள். ஐந்து வோல்ட் வர வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. கம்ப்யூட்டர் பக்கம் பார்த்தால் ஐந்து இருக்கிறது. ஆக, நடுவில் வயர் போயிருக்கிறது. கையால் தடவிக்கொண்டே போனாள். பேட்டரித் தட்டுக்கு அடியில் யாரோ வயரை வெட்டி, வெறுமனே முறுக்கி, டேப்பைச் சுற்றியிருந்தார்கள். டேப்பைப் பிரித்ததும் செம்பு பச்சைப் பொடியாகக் கொட்டியது.

அவளுக்குக் காது சூடேறியது. இதற்கு ஒரு கோளாறு விளக்கு எரிந்திருக்க வேண்டுமே. டேஷ்போர்டைக் குனிந்து பார்த்தாள். விளக்கு இருக்கும் இடத்தில் கறுப்பு டேப் துண்டு ஒட்டியிருந்தது. நகத்தால் உரித்தாள். உள்ளே மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது.

"இத ஒட்டுனது யாரு?"

"லைட்டு எரியுது லைட்டு எரியுதுன்னு வேலுச்சாமி தினமும் வந்து நின்னான். ஏறுற பொம்பளைகளும் பயந்தாக. சீசன் நேரத்துல வண்டிய நிப்பாட்ட முடியுமா? நான்தான் ஒட்டச் சொன்னேன்."

"சொன்னவன வேலைய விட்டு எடுத்துட்டீக. மறைச்ச நீங்க மானேஜரா இருக்கீக."

"பானு, பாத்துப் பேசு. எங்க கம்பெனி வண்டி அம்புட்டும் ஒன் கடைக்குத்தான் வருது."

"வராட்டிப் போகட்டும் அண்ணாச்சி."

ஆனாலும் அந்த வயரை அப்படியே விட அவளுக்கு மனசு வரவில்லை. நாளைக் காலையில் அந்த வண்டியில் எட்டுப் பெண்கள் ஏறுவார்கள். அழுகிய துண்டை வெட்டி எறிந்து, புது வயர் வைத்து ஈயம் பற்ற வைத்தாள். திரும்ப ஒடிக்கச் சொன்னபோது இஞ்சின் ஒரு குலுக்கலும் இல்லாமல் சீராக ஓடியது. பிறகு உட்கார்ந்து, கண்டதைக் கண்டபடி எழுதினாள். கறுப்பு டேப்பையும் விடவில்லை. இரண்டு சீட்டு எழுதிச் சீல் வைத்தாள். ஒன்றை அவர் கையில் கொடுத்தாள். அவர் அங்கேயே கிழித்துப் போட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

மற்றதை வேலுச்சாமி வீட்டுக்கு அவளே கொண்டுபோனாள். அவன் அதை மூன்று தடவை படித்துவிட்டு, "நெசமாவே என் தப்பு இல்லையாக்கா?" என்றான். இரண்டு நாளாக அவனே அப்படி நம்பத் தொடங்கியிருந்தான் என்று தெரிந்ததும், செல்வக்குமார் மேல் இருந்த கோபம் இன்னொரு மடங்கு ஏறியது.

அந்தச் சீட்டோடு அவனும் முருகம்மாளும் சூலக்கரை கலெக்டர் ஆபீசுக்குப் போய் மனுக் கொடுத்தார்கள். விசாரணைக்கு ஆள் வரப்போகிறது என்று தெரிந்ததும் முருகம்மாளின் வைத்தியத்தைக் கம்பெனி ஏற்றுக்கொண்டது. வேலுச்சாமியை மறுபடி கூப்பிட்டார்கள். அவன் போகவில்லை, இப்போது பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறான். கம்பெனி வண்டி ஒன்றுகூட பானுப்பிரியா கடைக்கு வருவதில்லை. டிராக்டரும் லோடு ஆட்டோவும் வருகின்றன.

முருகம்மாளுக்குக் கட்டுப் பிரித்த பிறகும் மணிக்கட்டு முழுசாக மடங்கவில்லை. பட்டாசுக்குத் திரி கிள்ளும் வேலைக்கு அவளால் இனிப் போக முடியாது. அதைக் கேள்விப்பட்ட அன்று பானுப்பிரியா கடையைத் திறக்கவில்லை.