ஒரு சாண் உயரம்

லண்டன் வால்தம்ஸ்டோவில் ஒரு கல்லூரியில் பெண்களுக்குச் சொஃப்ட்போல் பழக்குகிற பிரியந்தியைப் பற்றி இல்ஃபோர்ட் தமிழர்களிடம் விசாரித்தால், முதலில் பெயரைச் சொல்லமாட்டார்கள். "ஒல்லாந்திலை பாய்ஞ்சு பந்து பிடிச்ச பிள்ளையோ?" என்பார்கள். அது கிரிக்கெட்டா, ஊரில் விளையாடுகிற எல்லேயா, வேறேதுமா என்று அவர்களில் பாதிப்பேருக்கு இன்றைக்கும் தெரியாது. அந்தப் பிடி மட்டும் தெரியும். அவளுடைய அப்பா தேவராசா சும்மா விட்டால்தானே!

தேவராசா இல்ஃபோர்டில் ஒரு மரக்கறிக்கடையில் கல்லாவில் நிற்பவர். வெண்டிக்காய் வாங்க வந்தவருக்கும் கதை உண்டு, வெற்றிலை வாங்க வந்தவருக்கும் கதை உண்டு. ஒரு தேசிக்காயைக் கையில் எடுத்துக்கொள்வார். அதுதான் பந்து. மேசைதான் புல்வெளி.

"தொண்ணூற்றி நாலாம் ஆண்டு, ஹார்லத்திலை கடைசி மட்ச். மற்றப் பக்கத்துப் பெட்டை அடிச்ச அடி வேலிப் பக்கமா வருது. விழுந்தால் எங்கடை ஆக்கள் தோல்வி. பாய்ஞ்சாள் பாருங்கோ என்ரை பிள்ளை! புல்லிலையிருந்து ஒரு சாண் உயரத்திலை, டப்பெண்டு கைக்குள்ளை!"

"கடவுளே!" என்று நெஞ்சில் கைவைப்பார் வாடிக்கையாக மரக்கறி வாங்க வருகிற லூர்தம்மா. பத்தாவது தடவை கேட்டாலும் அவருக்கு அதே பதற்றம்தான்.

பிரியந்தி கடையில் நின்றால் தேவராசா அவள் பக்கம் திரும்புவார். "என்ன பிள்ளை, ஒரு சாண் இருக்குமெல்லே?"

"ஓம் அப்பா."

ஒரு சாணும் இல்லை, அரைச் சாணும் இல்லை. பந்து புல்லில் பட்டு எழும்பித்தான் கையுறைக்குள் வந்தது. அந்தச் சின்னத் துள்ளலை அவளுடைய உள்ளங்கை இன்னும் மறக்கவில்லை. அப்போது வயது பதினாறு. நடுவர் தூரத்தில் நின்றார், வெயில் அவர் கண்ணுக்கு நேரே அடித்தது. அவள் விழுந்த இடத்திலிருந்தே கையுறையை உயர்த்திக் காட்டினாள். வாயால் ஒரு பொய்யும் சொல்லவில்லையே என்று பிறகு தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். பூனை கண்ணை மூடிக்கொண்ட கதைதான். பந்தை அடித்த செம்பட்டை முடிக்காரி, "நிலத்திலே பட்டது, நிலத்திலே பட்டது" என்று அழுதபடி ஓடிவந்தாள். அவளுடைய ஆட்களே அவளை இழுத்துக்கொண்டு போனார்கள்.

இளையோர் தேசிய அணிக்கு ஆள் பொறுக்க வந்திருந்தவர்கள் அன்றைக்குத்தான் பிரியந்தியின் பெயரை எழுதிக்கொண்டார்கள். அகதி முகாமில் டச்சு படித்த பிள்ளை ஒல்லாந்து அணியின் ஒரேஞ்சுச் சட்டை போட்டு இரண்டு கோடை விளையாடினாள். பிறகு முழங்கால் பழுதானது. பயிற்சியாளர் சான்றிதழ் எடுத்தாள். குடும்பம் லண்டனுக்குப் பெயர்ந்தது. ஒரேஞ்சுச் சட்டைப் படத்தைப் பார்த்ததும் கல்லூரிக்காரர் வேறு ஆளைத் தேடவில்லை. புல்லில் பட்ட ஒரு பந்து இவ்வளவு தூரம் உருண்டு வந்திருக்கிறது. செம்பட்டை முடிக்காரியின் முகம் அவளுக்கு மறக்கவில்லை. பெயரைத்தான் ஒருநாளும் விசாரிக்கவில்லை. விசாரிக்க வெட்கம்.

ஊரில் போர் முடிந்த 2009 வைகாசிக்குப் பிறகு கடைக்கு வந்தவர்கள் சாமானின் பெயரைத் தவிர வேறெதுவும் பேசவில்லை. தேவராசாவும் தேசிக்காயைத் தொடவில்லை. வீட்டில் செய்தி பார்த்துப் பார்த்தே மனிதர் உடைந்துபோவார் என்று பயந்து, ஆனி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் பிரியந்தி அவரைத் தன் அணியின் மட்சுக்குக் கூட்டிப்போனாள். அவர் வழக்கம்போல் வேலியோரம் போய் நின்றுகொண்டார்.

மட்சின் கடைசிக் கட்டம். பந்து அதே வேலிப் பக்கம் தாழப் பறந்தது. பிரியந்தியின் அணியில் ஜெசிக்கா என்ற பெண் பாய்ந்து விழுந்தாள். நடுவர் 'அவுட்' என்று கையைத் தூக்கினார். அணிப் பெண்கள் வென்றுவிட்டோம் என்று துள்ளினார்கள். ஜெசிக்கா எழும்பி, முழங்காலில் ஒட்டிய புல்லைத் தட்டிவிட்டு, "இல்லை சேர், நிலத்தில் பட்டுவிட்டது" என்றாள்.

மட்ச் போனது.

என்ன செய்கிறோம் என்று உணருமுன்னமே பிரியந்தி அவள் முன்னால் போய் நின்று ஆங்கிலத்தில் கத்திக்கொண்டிருந்தாள். "உன்னை யார் கேட்டது? நடுவர் கேட்டாரா? வாயை மூடிக்கொண்டு நின்றிருக்க முடியாதா?"

ஜெசிக்கா முறைக்கவில்லை. விளங்காமல்தான் பார்த்தாள். "பட்டதுதானே, மிஸ்?"

பிரியந்தி முகத்தைத் திருப்பினாள். திருப்பிய பக்கத்தில் அப்பா வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவ்வளவு ஆங்கிலம் அவருக்கு விளங்கும். நிலம் பிளந்து தன்னை விழுங்காதா என்றிருந்தது அவளுக்கு.

காரில் அவர் ஒன்றும் பேசவில்லை. ஹார்லத்திலிருந்து வெற்றிக் கோப்பையோடு வீடு திரும்பிய அன்றைக்கும் அவர் இப்படித்தான் பேசாமல் வந்தார். களைப்பு என்று அவள் அப்போது நினைத்திருந்தாள். சிவப்பு விளக்கில் கார் நின்றதும் அவளால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"அப்பா, அந்தப் பந்து நிலத்திலை பட்டது."

எந்தப் பந்து என்று அவர் கேட்கவில்லை. "தெரியும் பிள்ளை. வேலியோடைதானே நிண்டனான். உனக்கும் எனக்கும் இடையிலை பத்தடி வராது."

"பிறகேன் ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சனீங்கள்?"

"ஊருக்கோ சொன்னனான்? ஒவ்வொருக்காலும் உன்னட்டைத்தானே கேட்டனான், ஒரு சாண் இருக்குமோ எண்டு."

பதினைந்து வருடமாகக் கேட்டவர் ஒருவர், பதில் சொன்னவள் ஒருத்தி. மற்றவர்கள் எல்லாம் மரக்கறி வாங்க வந்தவர்கள்.

"நீங்களே அண்டைக்குச் சொல்லியிருக்கலாமே, அப்பா."

தேவராசா கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். "அந்தச் செம்பட்டைப் பெட்டை அழுதுகொண்டு என்னைத்தான் பாத்தவள். வேலியிலை நிண்டது நான் ஒராள்தானே. அவங்கள் உன்ரை பேரை எழுதுறாங்கள், எனக்கு வாய் வரேல்லை. குனிஞ்சு சப்பாத்து லேசைக் கட்டினன்." குனிந்து தன் சப்பாத்தைப் பார்த்தார். "லேஸ் அவிழேல்லை, பிள்ளை."

பச்சை விழுந்தது. பிரியந்தி காரை மைதானத்துக்கே திருப்பினாள். ஜெசிக்கா அதற்குள் போய்விடக் கூடாதே என்பது மட்டும்தான் அவள் மனதில் இருந்தது.